90 நொடிகள்: பதற்றமான ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு சிப்பாய் கூரைக்கு ஓடுகிறான். தரையில் சிதறிக் கிடக்கும் கரிய துண்டுகளை மண்வெட்டியால் வாரி, விளிம்புக்கு அப்பால் கொட்டுகிறான். மணி அடித்ததும் திரும்புகிறான். வழியில் இடறி விழுகிறான். எழுந்து உள்ளே வந்துவிடுகிறான். 1986இல் சோவியத் ஒன்றியத்தில் நடந்த அணுஉலை விபத்தைப் பற்றிய ‘செர்னோபில்’ தொடரின் 4ஆம் அத்தியாயத்தில் வரும் இந்தக் காட்சியில் நடப்பது இவ்வளவுதான். துப்பாக்கிச் சண்டை இல்லை, துரத்தல் இல்லை. அந்தச் சிப்பாயின் பெயர்கூட நமக்குச் சொல்லப்படுவதில்லை. ஆனாலும் முதன்முறை பார்த்தபோது நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தேன். காட்சி முடிந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

மண் அள்ளுவது போன்ற ஒரு வேலை எப்படி மூச்சை நிறுத்துகிறது? இந்தக் கேள்வியோடு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கேமராக் கோணம், ஒளி, இசை என்று உத்திகளுக்குப் பட்டியல் போடுவதால் விடை கிடைக்கவில்லை. எனக்குப் பிடிபட்டது இதுதான்: நல்ல இயக்குநர் முதலில் நம் கையில் ஒரு கணக்கைக் கொடுக்கிறார். பிறகு கேமராவும் ஒலியும் நடிப்பும் சேர்ந்து, அந்தக் கணக்கை நாமே போட்டுக்கொண்டிருக்கும்படி செய்கின்றன. அதை நீங்களே கண்டுகொள்ளும் முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். குறும்படம் எடுக்க நினைப்பவர்களுக்கும், பார்ப்பதை இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கும் இது பயன்படும்.

தேவையானவை: அந்த அத்தியாயம், ஒரு நோட்டு, நொடி காட்டும் கடிகாரம் (கைபேசியில் உள்ளதே போதும்), காதை முழுவதும் மூடும் ஹெட்போன். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். இரண்டு மாலைப்பொழுதுகள் ஒதுக்குங்கள்.

படி 1: எதையும் எழுதாமல் ஒருமுறை பாருங்கள்

முதல்முறை நோட்டைத் தொடாதீர்கள். அத்தியாயத்தைத் தொடக்கத்திலிருந்தே பாருங்கள். கூரைக் காட்சிக்கு நேராகத் தாவிப் போகாதீர்கள். முடிந்ததும் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் உடலில் எங்கே, எப்போது மாற்றம் வந்தது? தோள் இறுகியதா, வாய் உலர்ந்ததா, எந்த இடத்தில் மூச்சை விட்டீர்கள்? “அருமையான காட்சி” என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. “மணி அடித்த பிறகுதான் அதிகம் பயந்தேன்” என்று எழுதினால், ஆராய்ச்சிக்கு ஒரு நுனி கிடைத்துவிட்டது.

படி 2: காட்சிக்கு முன்னால் என்ன விதைத்தார்கள் என்று தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான்.

கூரைக் காட்சியின் பதற்றம் கூரையில் தொடங்குவதில்லை. அதற்குச் சற்று முன்பு வரும் பேச்சுகளில் தொடங்குகிறது. 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த 4ஆம் உலையின் உள்ளிருந்த கிராஃபைட் என்ற கரிமக் கட்டிகள், கடும் கதிர்வீச்சோடு கூரைகளில் சிதறிக் கிடக்கின்றன. கூரையின் பகுதிகளுக்குக் காத்யா, நீனா, மாஷா என்று பெண் பெயர்கள். மூன்றில் கொடியது மாஷா. அங்கே மணிக்கு 12,000 ரான்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு என்கிறது தொடர். 12,000 என்ற எண் நம்மில் பலருக்கு எதையும் உணர்த்தாது. அதனால் கதையெழுதிய கிரெய்க் மேசின் அந்த எண்ணை உடனே வாழ்நாளாக மாற்றித் தருகிறார். முழுப் பாதுகாப்பு உடையோடு அங்கே 2 நிமிடம் நின்றால் ஆயுள் பாதியாகும், 3 நிமிடம் நின்றால் சில மாதங்களில் சாவு என்று விஞ்ஞானி லெகாசோவ் சொல்கிறார்.

இந்த ஒரு வசனத்தோடு நம் கையில் கடிகாரம் வந்துவிட்டது. இனி நாம் வெறும் பார்வையாளர் இல்லை, நேரம் பார்ப்பவர்.

அடுத்து, தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார்கள். இயந்திரத்தை அனுப்பலாமே என்று நாம் நினைப்போம். அனுப்புகிறார்கள், மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ரோபோ மாஷாவில் இறங்கியதும் செயலிழந்துபோகிறது. உண்மையான கதிர்வீச்சு அளவைச் சொல்ல சோவியத் அரசுக்கு மனமில்லை. வெளியுலகுக்குச் சொன்ன குறைந்த அளவையே ஜெர்மானியர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட, மீட்புப் பணிக்குப் பொறுப்பான அரசுத் தலைவர்களில் ஒருவரான ஷெர்பினா தொலைபேசியை அடித்து நொறுக்குகிறார். வேறு வழியே இல்லை என்று நமக்கும் உறைத்த பிறகுதான் மனிதர்களை அனுப்பும் பேச்சு வருகிறது.

பிறகு ஜெனரல் தரகானோவ் சிப்பாய்கள் முன் நின்று பேசுகிறார். அந்தப் பேச்சை வரிவரியாக நோட்டில் எழுதுங்கள். அதில் வீர முழக்கம் கிடையாது, முழுக்கச் செயல்முறைக் குறிப்புகள்தான். படிகளில் ஏறியதும் உடனே வெளியே போகாதீர்கள், வாசலுக்குள் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போனதும் இடப்பக்கம் திரும்புங்கள். கட்டிகள் 40, 50 கிலோகூட இருக்கும். இடறாதீர்கள். கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். வேகமாகவும் போக வேண்டும், கவனமாகவும் போக வேண்டும். உங்கள் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான 90 நொடிகள் இவை.

இந்தப் பேச்சு செய்யும் வேலையைப் பாருங்கள். கூரையின் வரைபடம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. எது நடக்கக்கூடாது என்பதும் தெரிந்துவிட்டது. “இடறாதீர்கள்” என்ற ஒரு சொல்லால், தரையில் கிடக்கும் ஒவ்வொரு துண்டும் இனி ஒரு பொறி. ஆகவே கூரைக்குப் போன பிறகு கேமரா எதையும் விளக்க வேண்டியதில்லை. விளக்கம் தேவைப்படும் இடத்தில் பதற்றம் தளர்ந்துவிடும். இங்கே எல்லாவற்றையும் முன்பே சொல்லி முடித்துவிட்டார்கள்.

உங்கள் நோட்டில் இரண்டு பத்திகள் போட்டு, இடப்பக்கம் ஜெனரலின் எச்சரிக்கைகளையும் வலப்பக்கம் கூரையில் நடந்தவற்றையும் எழுதுங்கள். எந்த எச்சரிக்கை பலித்தது, எது பலிக்காமல் நம்மைப் பயமுறுத்த மட்டும் பயன்பட்டது என்று தெரியும். எல்லாம் பலித்திருந்தால் அது கணிக்கக்கூடிய காட்சியாகிவிடும். ஒன்றுமே பலிக்காவிட்டால் ஏமாற்றப்பட்டதாக உணர்வோம்.

படி 3: ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பாருங்கள்

கூரைக் காட்சியை மட்டும் இப்போது சத்தமில்லாமல் ஓட விடுங்கள். எனக்கு இது பெரிய வியப்பாக இருந்தது. பயம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கனத்த உடையில் தடுமாறும் ஆட்கள், மங்கிய வானம், இடிபாடுகள். கட்டடம் இடிக்கும் இடத்தில் கூலிவேலை நடப்பதுபோல் இருந்தது.

காரணம், கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது. தீ என்றால் காட்டலாம், வெள்ளம் என்றால் காட்டலாம். இதற்கு உருவமே இல்லை. 1986இல் அந்தக் கூரையில் உண்மையாகவே வேலை செய்தவர்களைப் படமெடுத்த இகோர் கோஸ்டினின் புகைப்படங்களில், அடியோரத்தில் வெள்ளைக் கீற்றுகள் தெரியும். கதிர்வீச்சு ஃபிலிமில் விட்ட தடம் அது. தொடரின் காட்சியில் அப்படிப்பட்ட அடையாளமும் இல்லை. எனவே பயத்தைக் கண்ணுக்குத் தரும் பொறுப்பைக் கேமரா வேறு வகையில் ஏற்கிறது.

கேமரா எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அது ஒரே ஒரு சிப்பாயை விடாமல் தொடர்கிறது; பெரும்பாலும் அவனுக்குப் பின்னாலோ தோளருகிலோ. அவன் ஓடினால் ஓடுகிறது, குனிந்தால் தாழ்கிறது. கூரை முழுவதையும் உயரத்திலிருந்து காட்டும் சட்டகம் நடுவில் ஒருமுறைகூட வருவதில்லை. வந்திருந்தால் நாம் பத்திரமான இடத்துக்குப் போயிருப்போம். இயக்குநர் யோஹான் ரெங்க்கும் ஒளிப்பதிவாளர் யாக்கோப் ஈரேயும் அந்தப் பாதுகாப்பை நமக்குத் தரவில்லை. மற்ற சிப்பாய்கள் குறுக்கே வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று பார்க்க நேரமில்லை. கேமராவுக்கும் 90 நொடிதான்.

இன்னொன்று, முகம் தெரியாதது. முகமூடி, கண்ணாடி, தலைமூடி எல்லாம் சேர்ந்து நடிகரின் முகத்தை மறைத்துவிட்டன. பதற்றம் என்றாலே முகத்துக்கு நெருங்கிய குளோசப்தான் என்று நம்புபவர்களுக்கு இது நல்ல பாடம். முகம் இல்லாததால் உடலே நடிக்கிறது. துண்டை வாரும்போது மண்வெட்டி நழுவுவதையும், மறுபடி முயல்வதையும் பாருங்கள். முகம் காட்டியிருந்தால் அவன் பயத்தைப் பார்த்திருப்போம். காட்டாததால் அந்த உடைக்குள் நாம் போய்விடுகிறோம்.

படி 4: திரையை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

இப்போது ஹெட்போன் போட்டுக்கொண்டு கண்ணை மூடுங்கள். மூன்று ஒலிகளைப் பிரித்தெடுக்கலாம்: முகமூடிக்குள் அடைபட்ட மூச்சு, கதிர்வீச்சு மானியின் (கைகர் கருவி) இடைவிடாத சடசடப்பு, இறுதியில் மணி. முணுமுணுக்கத்தக்க இசை எதுவும் கிடையாது. இங்கே வயலின் அழுதிருந்தால், எப்போது வருந்த வேண்டும் என்று யாரோ நமக்குச் சொல்லித் தருவதுபோல் ஆகியிருக்கும்.

மூச்சு நமக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. சடசடப்பு வெளியே உள்ள ஆபத்து. இரண்டையும் பிரிப்பது ஒரு ரப்பர் முகமூடியின் தடிமன் மட்டுமே. படத்தில் காட்ட முடியாத கதிர்வீச்சுக்கு இந்தச் சடசடப்பே உருவம் கொடுக்கிறது.

இதில் ஓர் அறிவியல் நுணுக்கமும் இருக்கிறது. கைகர் கருவியின் ஒவ்வொரு சொடுக்கும் அதன் குழாய்க்குள் நிகழும் ஒரு மின்வெளியேற்றம். ஒவ்வொன்றுக்கும் பிறகு குழாய்க்கு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஓய்வு தேவை. கதிர்வீச்சு மிக அதிகமானால் அந்த ஓய்வே கிடைக்காமல் சாதாரணக் கருவி திணறும். சத்தமே இல்லாமல்கூடப் போய்விடலாம். ஆக நாம் கேட்பதை அப்படியே பதிவுசெய்த உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை. அது தேர்ந்து அமைத்த ஒலி. உணர்வைச் சரியாகக் கடத்துவதற்காக ஒலியை இப்படி அமைத்ததை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். கதிர்வீச்சின் அளவைப் பற்றி அது பொய் சொல்லவில்லை.

தொடரின் பின்னணி இசையையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஹில்டுர் குட்னாடோட்டிர், லித்துவேனியாவில் மூடப்பட்ட இக்னாலினா அணுமின் நிலையத்துக்கே போய், அங்குள்ள கூடங்கள், கதவுகள், எந்திரங்களின் ஒலிகளைப் பதிவுசெய்து, அவற்றிலிருந்தும் தன் குரலிலிருந்தும் இசையை உருவாக்கினார். 2019இல் அதற்கு எம்மி விருது கிடைத்தது. இதனால் தொடர் முழுவதும் எது இசை, எது கட்டடத்தின் ஒலி என்று பிரிக்க முடியாத ஓர் இரைச்சல் நம் காதுக்குப் பழகிவிடுகிறது. கூரையில் அந்த அடித்தளம் ஏற்கெனவே நமக்குள் இருக்கிறது.

படி 5: வெட்டுகளை எண்ணுங்கள்

கடிகாரத்தை எடுங்கள். சிப்பாய்கள் வெளியே ஓடும் கணத்தில் தொடங்கி, ஒரு ஷாட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். கூரையில் இருக்கும் வரை கோடே விழாது. ஒரே ஷாட். ஜெனரல் சொன்ன 90 நொடியை நாமும் அப்படியே வாழ்கிறோம்.

இது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? படத்தொகுப்பில் ஒவ்வொரு வெட்டும் நேரத்தை மாற்றும் உரிமை. வெட்டினால் 5 நொடியை விழுங்கலாம், ஒரு நொடியைப் பத்தாக நீட்டலாம். பல்லாண்டுகளாகத் திரையைப் பார்த்துப் பழகிய நமக்கு, யாரும் சொல்லித் தராமலே இது தெரியும். வெட்டு வந்தால் மனம் சற்று ஆறுகிறது, எப்படியோ கடந்துவிட்டோம் என்று. வெட்டே வராதபோது அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. நாம் வைத்திருக்கும் கடிகாரமும் திரையின் கடிகாரமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆனால் நீளமான ஷாட் என்றாலே பதற்றம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2 மற்றும் 3 நிமிடக் கணக்கு முன்பே சொல்லப்படாமல் இதே ஷாட் வந்திருந்தால், ஒளிப்பதிவாளரின் திறமையை மெச்சிவிட்டு நகர்ந்திருப்போம். படி 2 இல்லாமல் படி 5 வெறும் வித்தை.

படி 6: நேர்மாறான ஒரு காட்சியோடு ஒப்பிடுங்கள்

ஒரே உத்தியைப் பார்த்துவிட்டு அதையே விதியாக்கிக்கொள்ளாமல் இருக்க, எதிர்த்திசையில் போகும் காட்சி ஒன்றும் வேண்டும். என் தேர்வு, ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் 4ஆம் பருவம், 11ஆம் அத்தியாயத்தின் இறுதி. 2011இல் ஒளிபரப்பானது, இயக்கியவர் ஸ்காட் வைனன்ட்.

குடும்பத்தோடு தப்பியோட, வீட்டின் அடித்தளத்து இடுக்கில் மறைத்துவைத்த பணத்தைத் தேடி, போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கிய முன்னாள் வேதியியல் ஆசிரியர் வால்ட் ஊர்ந்து போகிறான். பணம் போதவில்லை. மீதியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டதாக மனைவி ஸ்கைலர் சொல்கிறாள். அவன் அலறுகிறான். அலறல் அழுகையாகி, அழுகை சிரிப்பாக மாறுகிறது. இங்கே முகமே எல்லாம். பிரையன் க்ரான்ஸ்டனின் மண் படிந்த முகத்தில் மூன்று உணர்வுகள் ஒன்றையொன்று விழுங்குவதைக் கேமரா நேராகப் பார்க்கிறது. இறுதியில் தரைத்திறப்புக்கு மேலிருந்து செங்குத்தாகக் கீழே நோக்கியபடி அது மெல்ல மேலே எழுகிறது. திறப்பின் நாற்கோண விளிம்பு சட்டகத்துக்குள் இன்னொரு சட்டகமாகிறது. குழிக்குள் கிடத்தப்பட்ட உடல்போல் அவன் தெரிகிறான்.

அங்கே கேமரா விலகுகிறது. கூரையில் விலகவே இல்லை. அங்கே முகம், இங்கே முகமூடி. இரண்டுமே தாங்க முடியாதவை. ஏன் இந்த வேறுபாடு? சிப்பாய்க்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதனால் அவனை விட்டு நாம் நகர முடியாது. வால்ட்டுக்கு நேரம் தீர்ந்துவிட்டது. இனி கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. பார்ப்பதற்கு மட்டும்தான் இருக்கிறது. கேமரா விலகுவதும் நெருங்குவதும் அழகுக்காக எடுக்கும் முடிவு அல்ல. பாத்திரத்தின் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதிலிருந்து வருவது.

படி 7: உச்சத்துக்கு அடுத்த 10 நொடியைப் பாருங்கள்

மீண்டும் கூரை. மணி அடித்துவிட்டது. நம் கணக்குப்படி வேலை முடிந்தது, மூச்சை விடத் தயாராகிறோம். அப்போதுதான் அவன் கால் இடிபாடுகளில் சிக்குகிறது. விழுகிறான். முன்பே சொன்ன “இடறாதீர்கள்” இவ்வளவு நேரமும் காத்திருந்து, நாம் காவலைத் தளர்த்திய நொடியில் வருகிறது.

எழுந்து, உள்ளே வந்து, குனிந்து பார்க்கிறான். பூட்ஸ் கிழிந்திருக்கிறது.

அந்தக் கிழிசலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இசை எழும்பி அடிக்கோடிடுவதில்லை. அருகிலிருப்பவர் அவனிடம், உன் வேலை முடிந்தது தோழரே என்ற பொருளில் சுருக்கமாகச் சொல்கிறார். பணி முடிந்தது என்றும் கொள்ளலாம். ஆள் முடிந்தான் என்றும் கொள்ளலாம். எந்த அர்த்தம் என்று முடிவுசெய்யும் பாரத்தை நம்மிடம் விட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அவன் பிழைத்தானா என்று தொடர் கடைசிவரை சொல்வதில்லை. எனக்கு இன்றும் நினைவில் நிற்பது கூரையின் ஓட்டத்தைவிட அந்தப் பூட்ஸ்தான்.

படி 8: நீங்களே ஒன்று எடுத்துப் பாருங்கள்

பார்த்தது கைக்கு வர வேண்டுமானால் செய்துபார்க்க வேண்டும். கைபேசி போதும், இரண்டு பேர் போதும், ஓர் அடுப்படி போதும்.

அடுப்பில் பால் காய்கிறது. மகள் அருகில் நிற்கிறாள். தொலைபேசியில் தந்தையின் அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவமனையிலிருந்து அண்ணன் பேசுகிறான். அவ்வளவுதான் கதை.

முதலில் கணக்கைக் கொடுங்கள். “பாலைப் பார்த்துக்கொள், இது ஒன்றுதான் இருக்கிறது, குழந்தைக்கு வேண்டும்” என்று தாய் சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த வசனம் இல்லாவிட்டால் பொங்குவது வெறும் பால். பிறகு ஒரே ஷாட்டில் எடுங்கள். மகளின் தோளுக்குப் பின்னால் நில்லுங்கள். அவள் முகத்தைக் காட்டாதீர்கள். தொலைபேசியைப் பிடித்திருக்கும் கையைக் காட்டுங்கள். அண்ணனின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டாம், தொனி மட்டும் போதும். பாலாடை சுருங்கி, ஓரத்தில் நுரை கட்டும் சத்தத்தைத் தனியே, மிக அருகிலிருந்து பதிவுசெய்து சேருங்கள். இசை வேண்டாம்.

அடுத்து அதே காட்சியை வெட்டுகளோடு எடுங்கள்: முகம், பால், முகம், பால். இரண்டையும் ஒரு நாள் கழித்துப் பாருங்கள். வெட்டுகளோடு எடுத்ததில் நுரை எப்போது பொங்கும் என்பது உங்கள் கையில் இருக்கும். வெட்டில்லாததில் அது பாலின் கையில் இருக்கும். எது உங்கள் கதைக்கு வேண்டும் என்பதை அப்போது முடிவுசெய்யலாம்.

முடித்த பிறகு, கதை தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். பழகியவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவருக்கு எதிரே உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பாருங்கள். நுரை மேலேறும்போது அடுப்பை அணைக்க அது இலேசாக அசைகிறதா என்று.